இருக்குமிடம் தெரியாத சேர்மன்

தண்ணீர்த் தொட்டிக்கு மூடி செய்து விற்கும் ஒரு மனிதருக்கு உலகத்தைப் பற்றி இவ்வளவு கருத்துகள் எங்கிருந்து சேர்ந்தன என்று யாரும் கேட்டதில்லை. அவர் கேட்க விட்டதில்லை. தொட்டியை வேறு யாரோ செய்தார்கள். சேர்மன் மூடி மட்டும்தான் செய்தார். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் தண்ணீரையே அவர்தான் கண்டுபிடித்து, போனால் போகிறதென்று மற்றவர்களுக்கும் குடிக்கக் கொடுத்தார் என்று தோன்றும்.

அவருடைய கருத்துகளில் தலையாயது தலைமையைப் பற்றியது. "தலைவன் எங்கே இருக்கான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சுட்டா அப்புறம் அவன் தலைவன் இல்லை, வாட்ச்மேன்" என்பார். இதைக் கம்பெனி டைரியின் முதல் பக்கத்தில் அச்சடித்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டிருந்தார். ஆகவே அவர் எங்கே இருந்தாலும் மீட்டிங்கில் இருந்தார். பல் பிடுங்கப் போனாலும் மீட்டிங். முடி வெட்டிக்கொள்ளப் போனாலும் மீட்டிங். மத்தியானம் அறையில் குறட்டை விட்டுத் தூங்கினால் அது மிக முக்கியமான மீட்டிங்.

இப்படிப்பட்டவர்தான் படகு மன்றத்தின் பாதுகாப்புக் குழுவுக்கும் தலைவர். மன்றம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. துறைமுகத்தின் ஒதுக்குப்புறத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் நாலைந்து பேர் ஏறினாலே முனகுகிற ஃபைபர் படகுகள், பக்கத்தில் நாற்காலி போட்ட ஒரு கூடம். கடலுக்குப் போவதைவிடக் கடலைப் பற்றிப் பேசுவதில்தான் உறுப்பினர்களுக்கு ஆர்வம். கூடத்தில் கேரம் போர்டும் உண்டு. அலை இல்லாத நாட்களில் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், அலை இருக்கும் நாட்களிலும்.

ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவரின் படகு நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோய், அவர் பகல் முழுக்க மிதந்து, கடைசியில் ஒரு மீன்பிடிப் படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகுதான் மன்றம் விழித்துக்கொண்டது. சேர்மன் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே இந்த மன்றத்துப் படகு ஒவ்வொண்ணுலயும் பீக்கன் இருந்தே ஆகணும்!" என்று மேஜையைத் தட்டினார். கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கருவி. அதன்மேல் பொன் எழுத்தில் அவர் பெயர். "ஆபத்துன்னா இந்தப் பட்டனை அமுக்குங்க. சாட்டிலைட் பார்த்துடும். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லிடும். அவங்க நீங்க பதிவு பண்ணின நம்பருக்குப் போன் போட்டு, நீங்க நிஜமாவே கடல்லதான் இருக்கீங்களான்னு கேட்டுப்பாங்க. ஆமான்னதும் மீட்புப் போட்டை அனுப்புவாங்க. நீங்க எங்கே இருந்தாலும் உலகமே உங்களைத் தேடி வரும்!"

தன் இருப்பிடத்தைச் சொந்த நிழலுக்குக்கூடச் சொல்லாத ஒருவர் இதைச் சொன்னார். கூடம் கைதட்டியது. பின்வரிசையில் பிஸ்கட் தட்டோடு உட்கார்ந்திருந்த அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, மட்டும் தட்டவில்லை. அவனுக்குக் கை காலியாக இல்லை.

பதிவு செய்யும்போது மன்றத்தின் எழுத்தர் கேட்டார்: "கரையில இருக்கிற யாரோட நம்பராவது வேணும் சார். நீங்க கடலுக்குப் போனது தெரிஞ்சவங்களா இருக்கணும்."

"ஆபீஸ் நம்பரைப் போடு. அங்கே எப்பவும் ஆள் இருக்கும்."

அது உண்மை. அங்கே எப்போதும் ஒரு ஆள் இருந்தார். சேர்மனின் காரியதரிசி அம்மாள். ஆபீசில் எல்லோரும் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் பூட்டு.

பூட்டுக்கு இந்தப் பட்டப்பெயர் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவரைத் தாண்டி ஒருவரும் சேர்மனிடம் போனதில்லை. போக முயன்றவர்கள் பெரும்பாலும் மூடி டீலர்கள். சேர்மனின் மூடிகளுக்கு ஒரு குணம் இருந்தது. கொஞ்சம் பலமாகக் காற்றடித்தால் தொட்டியை விட்டுப் பறந்துவிடும். பறந்த மூடி பக்கத்து வீட்டுக் கூரையில் விழும், கார் கண்ணாடியில் விழும். திட்டு டீலருக்கு விழும். டீலர் சேர்மனைத் தேடுவார். சேர்மன் மீட்டிங்கில் இருப்பார்.

நேர்வழியில் முடியாத டீலர்கள் குறுக்குவழியில் இறங்கினார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். ஒருவர் சேர்மனின் மகன் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் என்றார். சேர்மனுக்கு மகனே கிடையாது. அவர்களில் கெட்டிக்காரர் ஒரு மொத்த வியாபாரி. போலீஸ் குரலிலும் பேசுவார், பெண் குரலிலும் பேசுவார், ஒரு தடவை தொலைபேசியிலேயே விம்மி விம்மி அழுதார். பூட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே பதிலைச் சொல்லும்: "சார் மீட்டிங்ல இருக்கார்."

சொல்வதோடு விட்டதும் இல்லை. நேரில் வந்து எட்டிப் பார்ப்பவர்களுக்காகச் சேர்மனின் நாற்காலி முதுகில் எப்போதும் ஒரு கோட்டு மாட்டியிருந்தது. கதவின் மங்கலான கண்ணாடி வழியே பார்த்தால் அகலமான தோளோடு ஒருவர் திரும்பி உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். அது பூட்டின் சொந்த யோசனை. மேஜை விளக்கைச் சற்றுத் திருப்பி வைத்தால் கோட்டு யோசித்துக்கொண்டிருப்பது போலவும் இருக்கும்.

அன்று மத்தியானம் சேர்மன் கடலுக்குக் கிளம்பினார். மன்றம் அச்சடிக்கவிருந்த பாதுகாப்புக் கையேட்டின் அட்டைக்குப் படம் வேண்டும். சேர்மன், பின்னால் கடல், கையில் பீக்கன். கரையில் நின்று எடுத்தால் போதாதா என்று படம் எடுக்கும் பொறுப்பேற்றிருந்த மைத்துனன் கேட்டான். போதாது. கடலில் எடுத்தால்தான் முகத்தில் அந்தக் களை வரும் என்றார் சேர்மன்.

"நான் எங்கே?" என்று வாசலில் நின்று பூட்டிடம் வழக்கமான பரீட்சை வைத்தார்.

"மீட்டிங்ல சார்."

"யார் கேட்டாலும்?"

"யமன் கேட்டாலும் சார்."

எங்கே போகிறேன் என்று சொல்லாமலே சேர்மன் திருப்தியோடு போனார்.

பித்தளைப் பொத்தான் வைத்த நீல நிறக் கோட்டு போட்டிருந்தார். மிதவைச் சட்டை அதற்குமேல் பொருந்தவில்லை, படத்தில் தொப்பையைக் காட்டும் என்று அதைக் கழற்றிக் காலடியில் போட்டார். மைத்துனன் தன்னுடையதைக் கழற்றவில்லை. அவன் அட்டையில் வரப்போவதில்லை.

துறைமுக வாயைத் தாண்டி, கரை ஒரு கோடாகத் தெரியும் தூரத்தில் இன்ஜினை நிறுத்தினார்கள். சேர்மன் எழுந்து படகின் ஓரமாக நின்று, ஒரு காலைத் தூக்கி விளிம்பில் வைத்தார்.

"அத்தான், காலை எடுங்க. சாயுது."

"நீ படத்தை எடு."

"படம் வருது. படகும் கூடவே வருது."

"தாடை தெரியற மாதிரி எடுடா!"

தாடை தெரிவதற்காகச் சேர்மன் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்தார். பக்கவாட்டில் வந்த ஓர் அலை, பெரிய அலைகூட இல்லை, படகின் அடியில் நுழைந்து மெல்லத் தூக்கியது. அவ்வளவுதான். படகு தூங்குகிற மனிதன் புரண்டு படுப்பதைப் போலப் புரண்டது. கைபேசிகள், மிதவைச் சட்டை, பெட்ரோல் கேன், பிஸ்கட் பொட்டலம் எல்லாம் போயின. மிஞ்சியது ஒன்றே ஒன்று. படத்துக்காகச் சேர்மன் இறுகப் பிடித்திருந்த பீக்கன்.

கவிழ்ந்த படகின் வயிற்றைப் பற்றிக்கொண்டு இருவரும் இருமி முடித்ததும் சேர்மன் பட்டனை அமுக்கினார். விளக்கு பளிச் பளிச்சென்று மின்னியது. பீக்கன் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது. சாட்டிலைட்டும் அப்படியே. கட்டுப்பாட்டு அறையும் அப்படியே. கடைசியில் மனிதர்களின் முறை வந்தது.

ஆபீசில் தொலைபேசி அடித்தது.

"வணக்கம்மா. கடல் மீட்புக் கட்டுப்பாட்டு அறையிலேர்ந்து அதிகாரி பேசறேன்" என்றது ஒரு களைத்த குரல். "உங்க சேர்மன் பேர்ல பதிவான பீக்கன் ஒண்ணு ஆபத்து சிக்னல் அனுப்புது. படகு கடல்ல இருக்கா?"

பூட்டு புன்னகை செய்தது. மொத்த வியாபாரி ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போலீஸ் எல்லாம் முடித்துவிட்டு இப்போது கடலுக்கே வந்துவிட்டார். குரலை நன்றாக மாற்றியிருக்கிறார். சேர்மனுக்குப் படகுப் பைத்தியம் என்று விசாரித்து வைத்திருக்கிறார் போல. ஆளைப் பாராட்டத்தான் வேண்டும்.

"படகு கொட்டகையில இருக்குங்க."

"வேற யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்களா?"

"சார் படகை யாரும் தொட முடியாது."

"அப்போ சார்?"

"சார் மீட்டிங்ல இருக்கார்."

"நீங்க பார்த்தீங்களாம்மா, உங்க கண்ணால?"

பூட்டு நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடிக் கதவைப் பார்த்தது. "இப்பவும் பார்த்துட்டுத்தாங்க இருக்கேன். முதுகு தெரியுது. ஏதோ தீவிரமா யோசிச்சுட்டு இருக்கார்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அப்பாடா. சிக்னல் வர்ற இடம் இன்னும் சரியாப் பிடிபடலை, கரையை ஒட்டித்தான் காட்டுது. கொட்டகையில யாராவது படகைக் கழுவறப்போ கை பட்டிருக்கும். இப்படித்தான் அடிக்கடி நடக்குது. கிளம்பின போட்டைத் திரும்பக் கூப்பிட்டுடறேன். சாரைத் தொந்தரவு பண்ணாதீங்க. ரொம்ப நன்றிம்மா."

வைத்துவிட்டார்.

கடலில் மைத்துனன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"விளக்கு எரியுதே அத்தான், அப்படின்னா என்ன அர்த்தம்?"

"வேலை செய்யுதுன்னு அர்த்தம். சாட்டிலைட் பார்த்திருக்கும்."

"பார்த்துட்டு?"

"கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லும். அவங்க நாம கொடுத்த நம்பருக்குப் போன் பண்ணி உறுதி பண்ணிப்பாங்க. லெக்சர்ல சொன்னேனே, நீ கேட்கலையா?"

"பிஸ்கட் சத்தத்துல விழலை. எந்த நம்பரைக் கொடுத்தீங்க?"

"ஆபீஸ் நம்பர்."

ஓர் அலை வந்து இருவர் முகத்திலும் அறைந்துவிட்டுப் போனது.

"போனை யார் எடுப்பாங்க?"

சேர்மன் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார்.

"அத்தான். யார் எடுப்பாங்க?"

"அவங்க ரொம்பத் திறமைசாலி."

"அதான் பயமா இருக்கு. அக்கா மாடிப்படியில விழுந்தப்போ நானே போன் பண்ணேன். சொந்த மச்சினன்னு சொன்னேன். 'சார் மீட்டிங்ல இருக்கார்'னு வெச்சுட்டாங்க. நீங்க அப்போ எங்கே இருந்தீங்க?"

"மீட்டிங்லதான்."

"மன்றத்துல கேரம் ஆடிட்டு இருந்தீங்க. நான் வந்துதானே கூட்டிட்டுப் போனேன்? அங்கேயும் வாசல்ல இருந்தவன் நீங்க மீட்டிங்னுதான் சொன்னான். உள்ளே காயின் விழற சத்தம் கேட்டுது."

சேர்மன் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது துறைமுக வாயிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி வெளியே வந்தது. இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள். புள்ளி பெரிதானது, மீட்புப் படகின் கொடிகூடத் தெரிந்தது. "பார்த்தியா? நான் சொன்னேனா இல்லையா?" என்றார் சேர்மன், கடலே தன் ஏற்பாடு என்பது போல. "முறைப்படி பதிவு பண்ணினா முறைப்படி வருவாங்க."

புள்ளி நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அழகாக வளைந்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"ஏய்! நான் சேர்மன்டா!" என்று சேர்மன் அலறினார்.

"போன் எடுத்துட்டாங்க" என்றான் மைத்துனன்.

மிதவைச் சட்டை இல்லாத சேர்மனை அந்த நீலக் கோட்டு தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கீழே இழுத்தது. கழற்றலாமென்றால் பிடியை விட வேண்டும். விரல்கள் மரத்துப் படகின் வழவழப்பில் நழுவிக்கொண்டிருந்தன. இரண்டு தடவை தலை முழுகி மேலே வந்தார். மூன்றாவது தடவை மைத்துனன் அவர் காலரைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான்.

"மாப்ளே," சேர்மனின் குரலில் முதன்முறையாக மைக் இல்லை. "எனக்கு முடியலைடா. நான் போயிட்டா..."

"போனா எங்கே போனீங்கன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன். போதுமா? காலை உதறுங்க. உதறுங்கன்றேன்!"

ஆபீசில் பூட்டு தேநீரைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்தது. ஏதோ உறுத்தியது. வழக்கமாக ஒருவரை விரட்டிய பிறகு வரும் சந்தோஷம் வரவில்லை.

இதுவரை அந்தத் தொலைபேசியில் எத்தனை பேரை மடக்கியிருக்கிறது. திட்டிவிட்டு வைத்தவர்கள் உண்டு, அழுதுவிட்டு வைத்தவர்கள் உண்டு, உன் சாரும் நீயும் நாசமாகப் போக என்று சபித்துவிட்டு வைத்தவர்கள் உண்டு. எல்லோரும் கடைசியில் ஒன்றைக் கேட்பார்கள்: ஒரே ஒரு நிமிஷம் சாரிடம் கொடுங்கள். பொய் சொல்லி வருபவன் எதற்காக வருகிறான்? உள்ளே நுழைவதற்காக. இந்த ஆள் சாரைக் கேட்கவே இல்லை. சாரைத் தொந்தரவு பண்ணாதீங்க என்றார். சார் உள்ளே இருக்கிறார் என்றதும் "அப்பாடா" என்றார். விரட்டப்பட்டதற்கு நன்றி சொன்ன மனிதரை அந்த நாற்காலி பார்த்ததே இல்லை.

பூட்டு மெதுவாகத் திரும்பிக் கண்ணாடிக் கதவைப் பார்த்தது. உள்ளே கோட்டு யோசித்துக்கொண்டிருந்தது.

பூட்டு தொலைபேசியை எடுத்தது. சேர்மனின் கைபேசியை அழைத்தது, அணைந்து கிடந்தது. மன்றத்தை அழைத்தது. "சார் படகா? சாரும் மச்சினனும் அதுல அப்பவே கிளம்பிப் போனாங்களே. இன்னும் வரலை" என்றார் எழுத்தர். கொட்டகையில் எதையும் யாரும் கழுவவில்லை.

அந்த அதிகாரியின் எண் தெரியாது. அழைப்பவர்களின் எண்ணைக் குறித்து வைக்கும் பழக்கமே அந்த மேஜைக்கு இல்லை. திரும்ப அழைக்கப்போவதில்லை என்னும்போது எதற்கு? அவசர உதவி எண்ணைச் சுழற்றி, அங்கிருந்து இன்னொரு எண்ணுக்குப் போய், கடைசியில் கட்டுப்பாட்டு அறையின் வரவேற்பு மேஜையில் ஒரு ஆண் குரல் கிடைத்தது.

"அதிகாரியோட பேசணும். உடனே."

மறுமுனையில் ஒரு சின்ன இடைவெளி. மிகச் சின்னது. மற்றவர்களுக்குத் தெரியாது, பூட்டுக்குத் தெரியும். பொய் நாக்குக்கு வருவதற்கு முன் மூச்சு ஒரு கணம் நின்று வரும்.

"சார் ஒரு கூட்டத்துல இருக்காரே. என்ன விஷயம்னு சொன்னீங்கன்னா..."

"நானும் இதே வேலைதாங்க பார்க்கறேன்" என்றது பூட்டு. "சார் பக்கத்து ரூம்லதான் இருக்கார், எனக்குத் தெரியும். உங்க பேரைச் சொல்லுங்க."

"பேரா? எதுக்கு?"

"கடல்ல ரெண்டு பேர் செத்துட்டு இருக்காங்க. லைனைக் கொடுக்காதது யாருன்னு நாளைக்குக் கேட்பாங்க. எழுதி வெச்சுக்கறேன்."

பெயரைச் சொல்வதைவிட லைனைக் கொடுப்பது அவருக்கு எளிதாக இருந்தது. பூட்டாக இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும்.

அதே களைத்த குரல் வந்தது. "சொல்லுங்கம்மா."

"நான் சொன்னது பொய்ங்க."

"எதும்மா?"

"எல்லாம். படகு கொட்டகையில இல்லை. சார் மீட்டிங்ல இல்லை. ரெண்டும் கடல்லதான் இருக்கு. கூட அவர் மச்சினனும்."

"உங்க கண்ணால பார்த்துட்டு இருக்கேன்னீங்களே? முதுகு தெரியுதுன்னீங்களே?"

பூட்டு கண்ணை மூடிக்கொண்டது. "அது கோட்டுங்க."

மறுமுனையில் பேனா மேஜையில் விழும் சத்தம் கேட்டது.

"யோசிச்சுட்டு இருக்கார்னு சொன்னீங்க."

"விளக்கைத் திருப்பி வெச்சா அப்படித் தெரியும்."

அதிகாரி திட்டவில்லை. திட்ட நேரமில்லை. குரல் தொலைபேசியை விட்டு விலகி யாருக்கோ உத்தரவிட்டது. சிக்னல் இப்போது தெளிவாகவே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது, துறைமுக வாய்க்கு வெளியே, கரையில் எந்தக் கொட்டகையும் எட்ட முடியாத தூரத்தில். ஆள் இல்லையென்று சொல்லப்பட்ட இடத்திலிருந்து அது விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

ஆரஞ்சுப் படகு மறுபடியும் வந்தபோது சேர்மனுக்கு அதைப் பார்க்கும் தெம்பில்லை. மைத்துனனின் கை காலரில் இறுகிப்போய், விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சேர்மனை மேலே இழுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். கோட்டிலிருந்து வாளிக் கணக்கில் தண்ணீர் கொட்டியது. படகில் படுக்கவைத்ததும் கொஞ்ச நேரம் செத்த மீன் போலக் கிடந்தார். துறைமுகச் சுவர் தெரிந்ததும் உயிர் வந்துவிட்டது. படகோட்டியிடம், நீ வளைக்கும் விதம் சரியில்லை, தலைமைப் பண்பு போதவில்லை என்றார்.

கரையில் அதிகாரி நின்றிருந்தார். பக்கத்தில் பூட்டு. கண்கள் சிவந்திருந்தன. வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தது: நான்தான் சார் முதல்ல பொய் சொன்னேன், என்னாலதான் அந்தப் போட்டு திரும்பிப் போச்சு. வேலை போனாலும் சரி, சொல்லிவிட வேண்டும்.

கம்பளி போர்த்திய சேர்மன் பூட்டைப் பார்த்தார். உதடு இன்னும் நீலமாகத்தான் இருந்தது.

"நான் கடல்ல இருக்கேன்னு யார் சொன்னது?"

பூட்டுக்கு முதலில் புரியவில்லை. "சார்?"

"நான் மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? யார் கேட்டாலும்னு சொன்னேனா இல்லையா? இப்போ துறைமுகம் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. நாளைக்கு டீலர் எவனாவது கேட்டா என்ன சொல்லுவீங்க? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?"

மனப்பாடம் செய்த வாக்கியத்தைப் பூட்டு விழுங்கிக்கொண்டது. "கேட்கலாம்னுதான் சார் பார்த்தேன். நீங்க தண்ணியில இருந்தீங்க."

இரண்டாவது கம்பளிக்குள்ளிருந்து மைத்துனன் சிரிக்க ஆரம்பித்தான். முதலுதவிக்காரர் அதைக் குளிர் நடுக்கம் என்று நினைத்து இன்னொரு கம்பளியைப் போர்த்தினார். அவன் அதற்குள்ளும் சிரித்தான்.

அதிகாரி பொறுமையாகக் குறுக்கிட்டார். "சார், ஒரே ஒரு வேலை பாக்கி. பதிவுல அந்த நம்பரை மாத்தணும். அடுத்த தடவை நாங்க போன் பண்ணா நிஜத்தைச் சொல்ற ஆள் யாராவது வேணும்."

"அதே நம்பர் இருக்கட்டும். இவங்களுக்கு நான் பயிற்சி கொடுத்து..."

"வேண்டாம் சார்" என்றது பூட்டு. சேர்மனுக்குக் குறுக்கே அது பேசியது அன்றுதான் முதல் தடவை. "என் நம்பர் வேண்டாம். நான் மறுபடியும் மீட்டிங்னுதான் சொல்லுவேன்."

"ஏன்?"

"நீங்க மறுபடியும் அப்படித்தான் சொல்லச் சொல்லுவீங்க."

சேர்மன் துறைமுகத்தைச் சுற்றிலும் பார்த்தார். தான் போகுமிடம் தெரிந்த மனிதர், தெரிந்ததைச் சொல்லக்கூடிய மனிதர். யோசித்தார். இந்தத் தடவை நிஜமாகவே யோசித்தார். கம்பெனி முழுக்கத் தேடினார், மன்றம் முழுக்கத் தேடினார். இத்தனை வருஷமாக அவர் பாடுபட்டு உலகில் அப்படி ஒருவர்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோடதையும் போட்டுடாதீங்க" என்றான் மைத்துனன் கம்பளிகளுக்குள்ளிருந்து. "நானும் பக்கத்துலதான் மிதப்பேன். எங்க அக்கா நம்பரை எழுதிக்குங்க."

"அவளா?" சேர்மன் பதறினார். "அவளுக்கு நான் கடலுக்குப் போறதே தெரியாது!"

"இன்னைக்குத் தெரிஞ்சுடும்."

"அவங்க உண்மையைச் சொல்லுவாங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"சொல்லுவாங்க சார். எங்கே போனார், எப்போ போனார், எதுக்குப் போனார், போகவேண்டாம்னு எத்தனை தடவை சொன்னாங்க, எல்லாம் சொல்லுவாங்க. என்ன ஒண்ணு, நடுவுல நீங்க போனை வெச்சுட்டுப் போட்டை அனுப்பணும். அவங்க முடிக்கற வரைக்கும் காத்திருந்தீங்கன்னா அத்தான் முங்கிடுவார்."

சேர்மன் அதற்குப் பதில் சொல்ல எழுந்தார். கால் நிற்கவில்லை. பூட்டு ஓடிவந்து தோள் கொடுத்தது. அதிகாரி எண்ணைச் சொல்லும்படி மைத்துனனைப் பார்த்துத் தலையசைத்தார்.